கேட்க மட்டும் அனுமதி

1

இந்தக் கதை நான் டைப் அடித்த ஒரு வரியிலிருந்து வந்தது. 1961இல் பெங்களூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். சொன்னதைச் சொன்னபடி அடிப்பது வேலை. ஆறு வருடம் கழித்து எழுத உட்கார்ந்தால் ஆரம்பமே வரமாட்டேன் என்கிறது. 'அல்சூர் ஏரியின்மேல் மூடுபனி' என்று ஒன்று எழுதி, கோடு போட்டு அடித்துவிட்டேன். நடந்ததெல்லாம் பட்டப்பகலில், மேனேஜர் அறையில். ஏரிக்கு அங்கே என்ன வேலை?

2

சில்வெஸ்டர், பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். எங்கள் தொழிற்சாலையில் நாற்பதை நெருங்கும் பிட்டர். 1959இல் கம்பெனி அவரை ஒரு வருடப் பயிற்சிக்கு மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பியது. அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்கு மாலையில் ஜெர்மன் வகுப்பு நடக்கும். எஸ்.எஸ்.எல்.சி. முடிக்காத ஒருவரை மாணவராக யார் சேர்ப்பார்கள்? ஆனால் 'விருந்தாளியாகக் கேட்பவர்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பரீட்சை கிடையாது, சான்றிதழ் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். ஷிப்ட் முடிந்ததும் கை நிறைய கிரீஸ் வாசனையோடு போய் உட்காருவார்.

(வகுப்பில் அவருக்கு ஒரு தோழி இருந்ததாக ஒரு பத்தி எழுதினேன். பொய். எடுத்துவிட்டேன்.)

ஒருநாள் பனியில் டிராம் நின்றுபோய், பாதி வகுப்பில் நுழைந்தார். முன்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். ஆசிரியை அவர்களிடம், "எர் கான் நிஷ்ட்ஸ் டாஃபூர்" என்றார். 'அவருக்கு ஒன்றும் வராது' என்று சொல்வதாக நினைத்து சில்வெஸ்டர் கூசிப்போனார். வகுப்பு முடிந்ததும் ஆசிரியையே விளக்கினார்: 'டாஃபூர்' என்ற வால் சேர்ந்தால் 'அவர்மேல் தப்பில்லை' என்று அர்த்தம்.

ஊர் திரும்பிய பிறகும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த பயிற்சிக் குழுவில் மறுபடி போய் மேல்வகுப்பில் உட்கார வேண்டும்.

"திரும்பவும் கேக்கத்தானே போறீங்க? அதுக்கு ரேடியோ பத்தாதா?" என்றாள் அவர் மனைவி அல்போன்சா.

அவர் சவரம் செய்துகொண்டே ஜெர்மன் வினைச்சொற்களை முணுமுணுத்தார்.

3

முனிராஜ் அல்சூர்க்காரன். எங்கள் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் அவன் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

அது யார் தப்பு என்று மேனேஜர் அறையில் விசாரணை நடந்த அன்று, ஜெர்மன் என்ஜினியர் லிண்ட்னர் மெஷினைச் சோதித்துவிட்டு வந்தார். மொழிபெயர்க்க சேஷகிரி. மெட்ராஸில் முறையாகப் படித்துப் பட்டயம் வாங்கியவர். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி முனிராஜ் நின்றான். மெஷினைப் பராமரித்தவர் என்பதால் சில்வெஸ்டரும் கதவோரம் நின்றார். லிண்ட்னர் நீளமாகப் பேசி, கடைசியில் முனிராஜைக் காட்டினார்.

"டெர் மான் கான் நிஷ்ட்ஸ் டாஃபூர்."

"ஒர்க்கருக்கு வேல தெரியாதுங்கறார் சார்," என்றார் சேஷகிரி. நான் அடித்தேன்.

சில்வெஸ்டர் மேனேஜரின் மேஜையைப் பார்த்தார். அடுத்த பயிற்சிக் குழுவின் பெயர்ப் பட்டியல், அவர் பெயரோடு, அங்கே கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சார், அப்படி இல்ல. அவன்மேல தப்பில்லன்னு சொல்றார்."

சேஷகிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் சில்வெஸ்டர், நீங்க அங்க யூனிவர்சிட்டில ஸ்டூடண்டா?"

"இல்ல சார். சும்னே உக்காந்து கேட்டேன்."

"சர்டிபிகேட்?"

"இல்ல."

அடுத்த வரிக்குப் போகும்படி மேனேஜர் எனக்குக் கையசைத்தார். சில்வெஸ்டர் நேராக லிண்ட்னரிடம் திரும்பினார். தடுமாறித் தடுமாறி ஜெர்மனிலேயே கேட்டார்: தப்பு யாருடையது?

லிண்ட்னர் திகைத்தார். பிறகு வரைபடத்தில், ஸ்பிரிங் உடைந்திருந்த இடத்தில் விரலால் தட்டினார்.

"மஷீனெ," என்றார். "மஷீனெ."

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. தாளை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினேன்.

4

முனிராஜுக்கு வேலை போகவில்லை. ஸ்டோரில் உட்காரவைத்தார்கள்.

"எனக்காக ஏண்ணா வாயக் குடுத்தீங்க?" என்று கேட்டானாம்.

"கேட்டுட்டேனே, என்ன பண்றது," என்றாராம் சில்வெஸ்டர்.

அடுத்த மாதம் பயிற்சிப் பட்டியல் என்னிடம் வந்தது. சில்வெஸ்டரின் பெயர்மேல் நீலப் பென்சில் கோடு. நான் மேனேஜரிடம் போய் நிமிர்ந்து நின்று, இது நியாயமா என்று

இல்லை. போகவில்லை. அந்தப் பெயரை விட்டுவிட்டு அடித்தேன்.

5

சேஷகிரி தெரிந்தே சொன்னாரா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அவரைக் கெட்டவராக்கினால் கதை நன்றாக ஓடுகிறது. ஆனால் கண்ணாடியைக் கழற்றியபோது அவர் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். பயமா, குற்ற உணர்ச்சியா? நடுக்கத்துக்கு அகராதி இல்லை.

பட்டியல் ஒட்டிய அன்று மத்தியானம், கேண்டீனில் எனக்கு எதிர் மேஜையில் சில்வெஸ்டர் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சேஷகிரி டிபன் கேரியரோடு வந்து நின்றார்.

"அந்த வார்த்தை எங்க புஸ்தகத்துல இல்ல. இன்னொரு தடவை சொல்லித் தரேளா?"

பெஞ்சில் சில்வெஸ்டருக்குப் பக்கத்தில் அவருடைய தொப்பி இருந்தது. அதை எடுத்தால் ஓர் ஆள் உட்காரலாம். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். அதற்குள் மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வரவே, நான் எழுந்து போய்விட்டேன். பிறகு இருவரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

தொப்பியை எடுப்பதா வேண்டாமா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் எடுத்து இடம் கொடுத்துவிடுவார். ஒரு பெயரை விட்டுவிட்டு அடித்தவனுக்கு அப்படித்தான் எழுத வரும்.