ஆறாத வலது கை

பட்டம் வென்ற ஞாயிற்றுக்கிழமை சாம்பியனின் வலது கை மூடிக்கொண்டது. அதன்பிறகு அவர் சாகும்வரை அது திறக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. கையுறையைக் கழற்றியபோது உள்ளே பஞ்சு கருகியிருந்ததை முதலில் பார்த்தவர் பயிற்சியாளர். ஏதோ வேர்வை நாற்றம் என்று நினைத்து அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். கையைப் பற்றிக் கவலைப்பட அப்போது யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் கீழே விழுந்த எதிராளி எழுந்திருக்கவில்லை. அவர் பக்கத்துத் தெரு வெல்டர். பகலெல்லாம் கேட்டும் கிரில்லும் பற்றவைத்துவிட்டு மாலையில் குத்துச்சண்டை பழகியவர். தாடையில் வாங்கிய ஒரே குத்தில் விழுந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. குத்து விதிப்படிதான் இருந்தது என்று நடுவர் சொன்னார், பார்த்தவர்களும் சொன்னார்கள்.

சாவு அவருக்குப் புதிதல்ல. பால்பல் விழும் வயதில் படகு கவிழ்ந்து அம்மாவும் அப்பாவும் ஒன்றாகப் போனார்கள். அடுத்த மழைக்காலத்தில் தம்பி காய்ச்சலில் போனான். மிஞ்சியது அக்கா ஒருத்திதான். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் ஒட்டி அவள்தான் அவரை வளர்த்தாள். ஒவ்வொரு இழப்பும் அவருடைய குத்துக்கு வலு சேர்த்தது என்று குத்துச்சண்டைச் சங்கம் போட்ட நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அச்சில் படிக்க அது நன்றாகத்தான் இருக்கிறது. அக்கா சொன்னது வேறு. சாயங்காலமானால் வீட்டில் மூலையில் உட்கார்ந்து அழுகிறான், நாலு பேரோடு இருக்கட்டும் என்று தான்தான் அனுப்பினதாகவும், அந்தத் தெருவில் குத்துச்சண்டைக் கூடத்தைத் தவிர வேறெதுவும் திறந்திருக்கவில்லை என்றும் சொன்னாள்.

மூடிய கையை டாக்டர் பரிசோதித்தார். வெப்பமானி ஒன்று வெடித்த பிறகு, பச்சைத் தண்ணீரில் முக்கி வைக்கச் சொன்னார். முக்கியதில் வாளித் தண்ணீர் கொதித்தது, அக்கா அதில் அரிசி களைந்து போட்டாள். "இது நோய் இல்லைங்க டாக்டர், பிடிவாதம். சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான்" என்றாள். போர்வை இரண்டு பொசுங்கியதும் சாம்பியன் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்கப் பழகினார். குளிர் மாதங்களில் தெருப்பூனைகள் அந்தக் கைக்குக் கீழே இடம் பிடிக்கச் சண்டை போட்டன. கையுறை மாட்டினால் எரிந்தது, எனவே அவர் மறுபடி ரிங்கில் ஏறவில்லை. ரிங்கில் தோற்றால்தான் பட்டம் கைமாறும் என்பது சங்கத்தின் விதி. அதனால் ஒரு சண்டையும் போடாமல் கடைசிவரை அவரே சாம்பியனாக இருந்தார். விதியைத் திருத்தச் சங்கத்தார் பலமுறை கூடினார்கள், வடை தீர்ந்ததும் கலைந்தார்கள்.

வெல்டரின் மனைவி சலவைக் கடை நடத்திவந்தாள். மாமியாரும் அவளும் கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சாம்பியன் பல நாள் அந்தத் தெருமுனை வரைக்கும் வந்து திரும்பிப் போனார். கடைசியில் ஒருநாள் வாசலில் போய் நின்றார்.

"நான் வந்து..."

"யாருன்னு தெரியும். உள்ள வாங்க. வாசல்ல நின்னா வெளிச்சத்தை மறைக்குது."

அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஹோட்டல் சிப்பந்திகளின் சீருடைகள் மலையாகக் குவிந்திருந்தன, மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். சாம்பியன் மனப்பாடம் செய்துவந்ததை ஆரம்பித்தார். பாதியில் வார்த்தை மறந்துபோனது. யோசித்துக்கொண்டே தேய்க்கிற மேஜையில் கையை ஊன்றினார். கைக்குக் கீழே கிடந்த சட்டை லேசாகப் புகைந்தது, பிறகு வழவழவென்று படிந்தது. அவள் சட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இந்தக் காலரைக் கொஞ்சம் அழுத்துங்க."

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிரவில்லை. "அந்த ஆளை வெளிய போகச் சொல்லு."

"போவாரு அத்தை. இந்த மூட்டை முடியட்டும்."

அந்த மூட்டை முடிவதற்குள் அடுத்த மூட்டை வந்துவிட்டது. அப்படியே வருடங்கள் போயின. சாம்பியன் காலையில் வந்து கடை திறப்பார், சாயங்காலம் அக்காவுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்தக் கையால் தேய்த்த துணி அடுத்த சலவை வரை கசங்காது. போட்டுக்கொண்டே தூங்கினாலும் மடிப்பு கலையாது. வக்கீல்கள் கோட்டை அனுப்பினார்கள், மணமகன்கள் கால்சட்டையை அனுப்பினார்கள். நீதிபதி வீட்டு வேலைக்காரர், ஐயா இனிமேல் கைக்குட்டையையும் அனுப்பச் சொன்னார் என்றார். பட்டுத்துணிக்குச் சூடு கூடுதலாக இருக்கிறதென்று ஒருமுறை புகார் வந்தது. அதற்குச் சாம்பியன் ஏதாவது வேடிக்கையாக நினைத்துக்கொண்டு தேய்க்க வேண்டியிருந்தது.

மருமகள் அவரிடம் இயல்பாகத்தான் பேசினாள். கோபமில்லையா என்று அவர் ஒருமுறை கேட்டேவிட்டார். "இருந்துச்சு. அன்னைக்கு உங்களுக்கு அந்த அடி விழுந்திருந்தா, உங்க அக்கா முன்னாடி அவரு இப்படி வந்து நின்னிருப்பாரு. அதை நெனச்சேன், போயிடுச்சு. அந்தக் கால்சட்டையை இப்படித் தள்ளுங்க" என்றாள்.

மாமியாருக்குக் கோபம் போகவில்லை. அவர் சாம்பியனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கதவைச் சாத்த வேண்டுமென்றால் "அந்த ஆளைச் சாத்தச் சொல்லு" என்பார். மருமகள் திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பியன் சாத்தியிருப்பார். அக்கா இறந்தபோது சாம்பியன் கடைக்கு வராமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கை அடுப்பாகக் கனன்று ஜன்னல் கட்டையே கருகியது, பூனைகள்கூட ஒதுங்கிப் போயின. கடையில் மாமியார் ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளு ஏதாவது சாப்பிட்டானான்னு போய்ப் பாரு" என்றார். மருமகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, ஊறுகாய் வைக்கவில்லை என்று பின்னால் கூப்பிட்டார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஈரப்படியில் வழுக்கி விழுந்து மாமியாரின் முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. காலையும் மாலையும் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் டாக்டர். வெந்நீர்ப் பை ஒழுகியது, துணி வைத்தால் நொடியில் ஆறியது. "நம்ம கடையிலேயே இருக்கே அத்தை, ஆறாத ஒத்தடம்" என்று மருமகள் சொல்லிப் பார்த்தாள்.

"அந்தக் கையா?" என்றார் மாமியார். அதோடு பேச்சு நின்றது. ராத்திரி பூராவும் முனகினார், பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு துணி மடித்தார்.

ஒரு மத்தியானம் மருமகள் துணி கொடுக்கப் போயிருந்தாள். கடையில் அவர்கள் இரண்டு பேர்தான். மழை வலுத்தது. நடுவில் நின்று சொல்லியனுப்ப ஆளில்லாததால் மாமியார் தேய்க்கிற மேஜையைப் பார்த்துப் பேசினார்.

"எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்னு யாரும் எங்கிட்டச் சொல்லலை."

சாம்பியன் கையைத் துணியிலிருந்து எடுத்தார். "மணி அடிக்கறதுக்கு முன்னாடி கையுறையைத் தொட்டுக்கிட்டோம். அப்பச் சொன்னாருங்க. 'அண்ணே, சீக்கிரம் முடிச்சிக்கலாம். எங்கம்மா வெளிய படியில உக்காந்திருக்கு, உள்ள வரப் பயம்'னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு."

அன்று மாமியார் படியில் உட்கார்ந்திருந்தது அவரையும் மகனையும் தவிர யாருக்கும் தெரியாது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பயமெல்லாம் ஒண்ணுமில்ல. உள்ள ஒரே புழுக்கம்."

"ஆமாங்க. புழுக்கந்தான்."

மாமியார் ஸ்டூலை இழுத்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்தார். சாம்பியன் தரையில் உட்கார்ந்து, தேய்க்கும் துணியை நாலாக மடித்து முழங்காலில் போட்டு, அதன்மேல் கையை வைத்தார். இத்தனை வருடம் கொதித்த கை சரியான இளஞ்சூட்டில் இருந்தது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழ வைப்பா" என்றார். "நீ பாட்டுக்கு மேலயே வச்சுக்கிட்டிருக்க."

மருமகள் நனைந்துகொண்டு வந்தாள். பார்த்தாள். குடையை மூலையில் சாய்த்துவிட்டு, மூன்று பேருக்கும் டீ போட்டாள்.

தெருவிலும் யாரும் அதிசயப்படவில்லை. இடுப்புப் பிடிப்புக்காரர்களும் தோள்பட்டை வலிக்காரர்களும் துணி கொடுக்கிற சாக்கில் வர ஆரம்பித்தார்கள். டாக்டர் மருந்துச் சீட்டிலேயே "சலவைக் கடை, இரண்டு வேளை" என்று எழுதினார். யாருக்கு முதலில் என்பதை மாமியார் முடிவு செய்தார், நடிப்பவர்களைத் திருப்பி அனுப்பினார். தன் முழங்காலுக்கு மட்டும் கடை சாத்திய பிறகு. வீக்கம் அந்த மழைக்காலத்திலேயே வடிந்துவிட்டது. அவர் அதைச் சொல்லவில்லை, சாம்பியனும் கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் ஸ்டூல் இழுக்கிற சத்தம் கேட்கும். கடை சாத்தியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, துணியோடு வந்தவர்கள் நாளைக்கு வரலாமென்று திரும்பிப் போவார்கள்.