முடி கொட்டாத நாய்க்குட்டி

திரையில் ‘வாழ்த்துகள்!’ என்று வந்தது. வண்ண வண்ணக் காகிதத் துணுக்குகள் மேலிருந்து கொட்டின. அக்கா அதை மூடினாள். மூடிய இடத்தில், இன்றைய அதிர்ஷ்டசாலி நீங்கள்தான் என்று இன்னொன்று திறந்தது. அதையும் மூடினாள். உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று சிவப்பாக ஒன்று வந்து கூவத் தொடங்கியது. அக்கா மவுசை மேசைமேல் தட்டி வைத்தாள்.

“துக்க வீட்ல வந்து வாழ்த்து சொல்றான் பாரு, கட்டையில போறவன்.”

சோபாவின் ஓரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் டீ இருந்தது. மேலே ஆடை படிந்து, ஆடையும் சுருங்கத் தொடங்கியிருந்தது. குடி என்று யாராவது சொன்னால் குடிப்பாள். கணவர் போனதிலிருந்து அப்படித்தான் இருந்தாள். குளிக்கச் சொன்னால் குளித்தாள், சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள். வந்தவர்களை உட்காரச் சொன்னாள், போகிறவர்களை வாசல்வரை வந்து அனுப்பினாள். இரவில் அக்கா பிரார்த்தனை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து உதடுகளை அசைத்தாள். அழத்தான் இல்லை. உடம்புக்குள் எங்கோ ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்ற வேலைகளையெல்லாம் அது பாட்டுக்கு நடக்க விட்டதுபோல இருந்தது. மற்றவர்கள் பேசுவது அடுத்த வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது.

மகள் கடல் கடந்து இருந்தாள். மாதம் ஏறிவிட்டதால் விமானம் ஏறக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வரமுடியவில்லை. தினமும் தொலைபேசினாள். அம்மாவிடமிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் “ம்”, “சரி”, “சாப்பிட்டேன்”. நேற்று பெரியம்மாவைக் கூப்பிட்டு அழுதுவிட்டாள். “பெரியம்மா, அம்மா குரல் அம்மா குரல் மாதிரியே இல்ல. எனக்கு அவங்க மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும். பாத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.” தொடுதிரைக் கைபேசிகள் வீட்டுக்கு வீடு வராத காலம் அது. முகம் பார்த்துப் பேச வேண்டுமானால் அந்தக் கணினிதான். அதை இயக்கியவர் இறந்துபோன அப்பா ஒருவர்தான். இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் அதில் கூப்பிடுவதாக ஏற்பாடு. ஆனால் மகளின் முகம் வரவேண்டிய திரையில் யார் யாரோ பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியம் சாய்ந்ததும் கம்ப்யூட்டர்காரர் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், உயரம், லேசான கூன். இந்த வீட்டுக்கு முன்பும் வந்திருக்கிறார். மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுக்கப் போனவர், அதன் முதுகில் தொங்கிய துண்டைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே போய், சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். துண்டு அசையவில்லை.

பெரிய ஆறுதல்களை மனிதர்களால் கொடுக்க முடிவதில்லை. அதற்கு இறைவன்தான் வரவேண்டும். அவன் வரும்வரை இப்படி ஒரு நாற்காலியை விட்டுவைக்க மட்டும் சிலருக்குத் தெரிகிறது.

இணையப் பக்கத்தைத் திறந்தவர் “அடேங்கப்பா” என்றார். மேலே ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைகள். ஒன்று வானிலை சொன்னது. ஒன்று எந்தக் கடையில் எது மலிவு என்று சொன்னது. ஒன்றில் மஞ்சள் முகங்கள் வரிசையாகச் சிரித்தன. ஒன்று எதற்கென்றே தெரியவில்லை, தேடு தேடு என்றது. எல்லாம் போக, படிப்பதற்கு நாலு விரல் அகலம்தான் மிச்சம்.

“யாரக் கேட்டு இத்தன மாடி கட்டினானுங்க? வீட்டுக்காரனுக்குப் படுக்க எடமில்ல.”

“வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் கதவத் தொறந்து விட்டுருப்பாரு தம்பி,” என்றாள் அக்கா. “அவருக்கு முடியாதுன்னு சொல்ல வருமா? வாசல்ல துடைப்பம் விக்கிறவன் நின்னா ரெண்டு வாங்குவாரு. ஒண்ணு இவளுக்குத் தெரிஞ்சு, ஒண்ணு தெரியாம.”

உண்மைதான். அந்த வீட்டில் முடியாது என்பது தங்கையின் வேலையாக இருந்தது. விற்க வருபவர்களுக்கு, கைமாற்று கேட்பவர்களுக்கு, தொலைபேசியில் அட்டை வேண்டுமா என்பவர்களுக்கு எல்லாம் அவள்தான் சொன்னாள். கதவுக்குப் பின்னால் அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றிருப்பார். கணினிக்கு முன்னால் மட்டும் அவள் உட்காரவில்லை. அங்கே யார் எதைக் கேட்டாலும் அவர் சரி என்று அமுக்கியிருக்கிறார். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறானே என்று நினைத்திருப்பார்.

கம்ப்யூட்டர்காரர் ஒவ்வொன்றாக நீக்கினார். எதுவும் சும்மா போகவில்லை. ஏன் போகச் சொல்கிறீர்கள் என்று ஒன்று கேட்டது. போகிறேன், ஆனால் என் தம்பியை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று ஒன்று கேட்டு, சரி என்ற கட்டத்தில் தானே குறியும் போட்டுக்கொண்டது. அவர் பொறுமையாகக் குறியை எடுத்தார். எடுக்க எடுக்கப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டார். பக்கத்தைத் திறந்தார். வானிலை, மலிவு, மஞ்சள் முகங்கள் எல்லாம் பழைய வரிசையில் வந்து நின்றன.

“வெளிய தள்ளத் தள்ள வாசல்ல வந்து நிக்குதுங்க. உள்ளேருந்து யாரோ தாழ்ப்பாளத் தொறந்து விடறாங்க,” என்றவர், திரையின் வலதுபக்க மூலையைப் பார்த்து நிறுத்தினார். அக்காவும் பார்த்தாள்.

அங்கே கட்டைவிரல் அளவில் ஒரு நாய்க்குட்டி வந்திருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருந்தது. கொட்டாவி விட்டு, இரண்டு சுற்று சுற்றி, படுத்தது.

“சின்ன மாப்பிள்ளை,” என்றாள் அக்கா. “அவரு வெச்ச பேரு. திங்கறதும் தூங்கறதும் தவிர ஒண்ணும் தெரியாதாம்.”

அவள் சோபாவிலிருந்து தலையைத் திருப்பினாள்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீடு காலியாகிவிட்டது. நாய் ஒன்று வளர்க்கலாமா என்று அவள் கேட்டாள். அவளாக எதையும் கேட்பது அபூர்வம். ஆனால் அவளுக்கு இழுப்பு உண்டு, நாய் முடி ஆகவே ஆகாது என்றுவிட்டார்கள். சில நாள் கழித்து அவர் கூப்பிட்டார். “இங்க வாயேன், முடி கொட்டாத நாய் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன்.” ஈரக் கையோடு வந்து பார்த்தாள். திரையில் இது ஓடிக்கொண்டிருந்தது. அம்புக்குறியைப் பக்கத்தில் கொண்டுபோனால் முகர்ந்து பார்த்துவிட்டு அதன்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. “உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் கணினி மெதுவாகி, கண்டதெல்லாம் வரத் தொடங்கியது. அவள் திட்டினாள். அவர் நாளைக்கு எடுத்துவிடுகிறேன் என்பார். ஆனால் தினமும் அணைப்பதற்கு முன் அம்புக்குறியை அந்த மூலைக்குக் கொண்டுபோய் விட்டுத்தான் எழுந்தார். இல்லாவிட்டால் அது தேடுமாம்.

கம்ப்யூட்டர்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டார். “அம்மா, உங்ககிட்ட சொல்லாம செய்யக்கூடாது. மத்ததெல்லாம் இது கூட்டிட்டு வந்ததுதான். எல்லாம் ஒரே நாள்ல உள்ள வந்திருக்கு. இது இருக்கறவரைக்கும் திரும்பத் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டே இருக்கும். பொண்ணு கூப்பிட்டாலும் படம் நிக்காது.”

“அப்ப எடுத்துடு தம்பி, இதுல என்ன கேள்வி,” என்றாள் அக்கா. சொன்ன பிறகு தங்கையைப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர்காரர் நீக்கும் பட்டியலில் நாய்க்கான பெயரைத் தேடி அமுக்கினார். திரையின் நடுவில் ஒரு பெட்டி திறந்தது. அதில் அந்த நாய்க்குட்டி பெரிதாக உட்கார்ந்திருந்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது. ‘என்னை அனுப்பிவிடப் போகிறீர்களா?’ என்று எழுதியிருந்தது. கீழே பச்சையில் பெரிய பொத்தான்: ‘இல்லை, இங்கேயே இரு’. அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக, ‘ஆம்’.

“போன வருஷம் சார் கூப்பிட்டு வந்திருந்தேன்,” என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே. “நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. அன்னைக்கும் இந்தப் பொட்டிவரைக்கும் வந்தோம். சார் சட்டுனு எங்கிட்டேருந்து மவுச வாங்கி, பச்சைய அமுக்கிட்டாரு.”

“அழுவுதேன்னு பாத்திருப்பாரு,” என்றாள் அக்கா. “கார்ட்டூன் அழுதாலும் அவருக்குத் தாங்காது.”

“அதில்லம்மா. இவங்க வீடு பெருக்கும்போது இந்த மேசைகிட்ட வந்தா துடைப்பத்த நிறுத்திட்டு இதையே பாத்துட்டு நிப்பாங்க, தான் கவனிக்கறது இவங்களுக்குத் தெரியாது, இருந்துட்டுப் போகட்டும்னாரு.”

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“அவர் பேப்பர் படிச்சிட்டில்ல இருப்பார்,” என்றாள் தங்கை.

இத்தனை நாளில் அவளாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. குரலில் ஆச்சரியம்கூட இல்லை. ஒரு சாமான் வைத்த இடத்தில் இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

“பேப்பருக்கு மேலால பாத்திருப்பாருடி,” என்றாள் அக்கா மெல்ல.

அவள் எழுந்து வந்தாள். துண்டு தொங்கிய நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நாய்க்குட்டியின் கண்ணில் நீர் ஏறிக்கொண்டே இருந்தது, விழவில்லை. அழவைக்கத் தெரிந்த யாரோ எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து அதை வரைந்திருக்கிறான். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. கைமாற்று கேட்டு வாசலில் நின்று அழுதவர்களில் பாதிப் பேரின் அழுகை அப்படித்தான் என்று அவரிடம் எத்தனையோ முறை சொன்னவள் அவள். ‘இருக்கட்டுமே, மீதிப் பாதி நிஜம்தானே’ என்பார் அவர்.

“அம்மா,” என்றார் கம்ப்யூட்டர்காரர். “என் கடையில பழைய மெஷின் ஒண்ணு சும்மா கெடக்கு. அதுல நெட்டே கெடையாது. இத அதுல விட்டா வெறும் நாய்தான், யாரையும் கூட்டிட்டு வரமுடியாது. நான் ஒரு காப்பி எடுத்துட்டுப் போறேன். நீங்க எப்ப வேணா வந்து பாருங்க.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். இதைச் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு எதுவும் இல்லை.

“கடையைப் பூட்டிட்டுப் போனா அது என்ன பண்ணும்?” என்று அவள் கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். “தூங்கும்மா.”

அவர் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகினார். நாய் அதற்குள் போக நேரம் ஆகவில்லை. பிறகு மவுசை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, “குடிக்கத் தண்ணி கெடைக்குமா?” என்று அக்காவைக் கேட்டு, அக்காவுக்குப் பின்னாலேயே சமையலறைக்குப் போய்விட்டார். மேசை ஓரத்தில் அவருடைய தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது.

அவள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவருடைய உடம்புக்கு ஏற்பப் பள்ளமாகிப்போன இடம், அவளுக்குப் பெரிதாக இருந்தது. சாம்பல் நிற ‘ஆம்’ மீது அம்புக்குறியை வைத்தாள். இத்தனை வருஷமும் வாசலில் சொன்ன அதே ‘முடியாது’தான். வாய்க்குப் பழகியது கைக்கும் வந்தது. அமுக்கினாள். ‘நிச்சயமாகவா?’ என்று கேட்டது. அமுக்கினாள். ‘கடைசியாக ஒருமுறை’ என்று கேட்டது. அதையும் அமுக்கினாள். பெட்டி மூடியது. மூலையில் படுத்திருந்தது ஒரு கணம் தலையைத் தூக்கிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அங்கே நீலம் மட்டும் இருந்தது.

கம்ப்யூட்டர்காரர் வந்து மற்றதையெல்லாம் நீக்கினார். இந்தமுறை எதுவும் திரும்பி வரவில்லை. திரை பெருக்கித் துடைத்த கூடம்போல இருந்தது. “நாளைக்குக் கடைப் பக்கம் வாங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வழக்கம்போல வாசல்வரை வந்து அனுப்பினாள். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா சூடாக வேறு டீ கொண்டுவந்து வைத்தாள்.

ஆறு மணிக்குக் கணினியில் அழைப்பு மணி அடித்தது. அக்கா குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, பச்சையைத் தேடி அமுக்கினாள். திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. அப்புறம் மகள் வந்தாள். முகம் உப்பியிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது.

“அம்மா… நான் தெரியறேனா? அம்மா?”

“தெரியற.”

“கிட்ட வாம்மா. வெளிச்சத்துல வா.”

நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டாள். அப்போதுதான் பார்த்தாள். திரையின் வலதுபக்க மூலையில், நாய்க்குட்டி படுத்திருந்த அதே இடத்தில், சின்னச் சதுரம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலை சரியாக வாரவில்லை. மடியில் ஓர் ஆணின் துண்டு. இத்தனை நாளாகக் கண்ணாடி பக்கமே போகாதவள், அந்த முகத்தை யாரோ என்று பார்த்தாள்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா மவுசைத் தொட்டாள். அம்புக்குறியை மெதுவாக நகர்த்தி, அந்த மூலைக்குக் கொண்டுபோய், சின்ன முகத்தின் பக்கத்தில் விட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.