தானாக நின்ற வண்டி

எழுந்தேன். பல் துலக்கினேன். பால் பொங்கும்வரை அடுப்பருகே நின்றேன். டீ குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். என் மனைவியின் போனை சார்ஜில் போடப் போனேன். தினமும் போடுகிறேன், யாரும் கூப்பிடுவதில்லை. கரண்ட் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தேன்.

மச்சான் அதற்குள் பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். அவளுக்கு ஒரே அண்ணன்.

பழைய டீசல் பிக்கப். அவள் முட்டை ஏற்றி ஓட்டியது. பின்பக்கம் நசுங்கிவிட்டது, முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. இன்றும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது. அதுதான் தொல்லை. பாலத்தின் நட்டநடுவில் திடீரென்று பிரேக் போட்டாள், பின்னால் வருகிறவன் என்ன செய்வான் என்கிறார் பின்னால் வந்து மோதிய லாரிக்காரர். ஊரும் அதையே சொல்கிறது.

"முட்டை ஏத்துறவ திடீர்னு பிரேக் போடுவாளா, மாப்பிள்ள? என் கல்யாணத்துக்கே உருட்டிக்கிட்டு வந்தா. எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியாச்சு." பேட்டரி டெர்மினலைத் தேய்த்துக்கொண்டே பேசினார். "வண்டி தானா நின்னிருக்கு. அத நிரூபிச்சாப் போதும். செத்தவ மேல பழி இருக்கக் கூடாது."

பெல்ட் இறுக்கமாக இருந்தது. டீசல் ஃபில்டரை மாற்றினோம். ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எஞ்சின் சீராக ஓடியது. நான் போனை எடுத்துப் பார்ப்பதைக் கவனித்தார்.

"சார்ஜ் இல்லையா? வண்டி சார்ஜர்ல போடுங்க. தங்கச்சி பாப்பாவுக்கு நானே மாட்டிக் கொடுத்தது. சாவி போட்டாத்தான் உயிர் வரும், பேட்டரி இறங்காது. கடைக்காரனுக்கு இந்த மூளை வருமா?"

டீ வாங்கிவரப் போனார். போனைச் சொருகிவிட்டு சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் அடங்கியது. சாவியை நான் தொடவில்லை.

போனைப் பிடுங்கினேன். சற்றுப் பொறுத்து சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது. மறுபடி சொருகினேன். மறுபடி நின்றது.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டேன். சார்ஜர் ஒயரை, டீசல் பம்புக்குப் போகும் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார் மச்சான். டேப் உருகியிருந்தது, விரலைச் சுட்டது. அந்த முறுக்கு சூடானால் விடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பம்புக்குக் கரண்ட் நின்றால் டீசல் நிற்கும்.

சார்ஜர் ஒயரை வெட்டினேன். பம்பு ஒயரை ஒழுங்காக இணைத்துப் புது டேப் சுற்றினேன். கருகிய டேப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு சாவி சுவிட்சின் பின்னால் இருக்கும் கனெக்டரைப் பாதி உருவி வைத்து, எஞ்சினை ஓடவிட்டேன்.

மச்சான் இரண்டு கப்போடு வந்தார்.

"மச்சான், சாவிய லேசா ஆட்டிப் பாருங்க."

ஆட்டினார். எஞ்சின் நின்றது. கனெக்டரைக் காட்டினேன்.

அவர் கையிலிருந்த டீ பேன்ட்டில் கொட்டியது, கவனிக்கவில்லை. "சொன்னேன்ல? நான் சொன்னேன்ல, மாப்பிள்ள? பாப்பா பிரேக் போடல!" தரையில் உட்கார்ந்து அழுதார். நான் என் டீயைக் குடித்தேன். ஆறியிருந்தது.

மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "பாலத்துக்கு முன்னாடி நிறுத்தி உங்களுக்குத்தானே போன் பண்ணா? கடைசியா என்ன சொன்னா?"

"வந்துடுறேன்னு சொன்னா."

தலையாட்டிக்கொண்டார்.

அவள் சொன்னது: "போன் சாகப்போகுது. அண்ணன் மாட்டுன சார்ஜர்ல போட்டுட்டுக் கூப்பிடுறேன்."