நாற்பது நிமிடம் ஆறிய தாள்

பிளாஸ்டிக் ஆலையின் ஆறவைக்கும் அறைக்காரர் செத்த ஒன்பதாம் நாள் காலை எட்டே காலுக்குத் தன் வீட்டுச் சமையலறைச் சுவரில் வந்து உட்கார்ந்தார். வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்த பத்தரைக்குப் போனார். அந்த வாரம் தக்காளி விலை இறங்கியிருந்தது, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. வேறு விசேஷம் இல்லை. புறாவின் கழுத்தில் மின்னுமே, பச்சையும் ஊதாவும், அந்த நிறங்களால் ஆனவராக இருந்தார். மற்றபடி உயிரோடு இருந்த மாதிரியேதான்: இடது தோள் கொஞ்சம் இறக்கம், பின்கழுத்தில் காலர் மடங்கியபடி. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அந்தச் சுவரில் தொங்கிய கரண்டிகளைக் கழற்றி வேறு பக்கம் மாட்டினாள்.

மண்ணில் போட்டால் தொண்ணூறு நாளில் மட்கிப்போகும் பிளாஸ்டிக் தாள் செய்கிற ஆலையில் அவருக்கு வேலை. உருகி வரும் தாளைப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆறவைக்க வேண்டும் என்பது விதி. அவர் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். எதையும் ஆற அமரச் செய்கிற மனிதர். ஆலையில் அவருக்கு ஆமை என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் அதற்கும் மெதுவாகத்தான் திரும்புவார். அவசரமில்லாமல் ஆறிய தாளுக்குள் பொடிப்பொடியான படிகங்கள் மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல வட்டம் வட்டமாக, ஒரே சீரான இடைவெளியில் வளரும். வெளிச்சம் அந்த வரிகளில் பட்டுப் பிரிந்து நிறமாகும். சாயம் ஒரு சொட்டுக் கிடையாது. பார்க்க அவ்வளவு அழகு. பையாக ஒட்டினால் ஒரு கிலோ உருளைக்கிழங்குக்குத் தாங்காமல் கிழிந்துவிடும்.

தாளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை அவருடைய மனைவிக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் ஆலையிலிருந்து ஒரு குண்டூசிகூட வீட்டுக்கு எடுத்து வராதவள். எல்லோரும் கண்டும் காணாமல் விட்டதை அவள் விடவில்லை. விதிப்படி ஆறவைக்கப்படவில்லை, கழிக்கவும் என்று எழுதிக் கொடுத்தாள். கட்டின புருஷனாயிற்றே என்று இழுத்தவர்களிடம், தாளுக்குப் புருஷன் பெண்டாட்டியெல்லாம் தெரியாது என்றாள். அவரை மூட்டை ஏற்றும் பக்கம் மாற்றினார்கள். அன்றிலிருந்து பதினோரு நாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் தட்டை வைத்தாள், அவர் சாப்பிட்டார், அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் மதியம் அவர் ஒரு கட்டின் மேல் சாய்ந்து கண்ணை மூடினார். ஆமை நிதானமாக இளைப்பாறுகிறது என்று கூட வேலை செய்தவர்கள் முக்கால் மணி நேரம் எழுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

கழித்துப் போட்ட தாள்களில் ஒன்றை அவள் சுருட்டி எடுத்து வந்தாள். அதுதான் அவளுடைய முதல் திருட்டு. சமையலறை ஜன்னலில் அதை மாட்டிய மறுநாள்தான் அவர் வந்தார். எழுதிக் கொடுத்தது சரி என்பதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகமில்லை. பேசாமல் இருந்ததுதான் தப்பு, அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. காலை ஷிப்டை மாலைக்கு மாற்றிக்கொண்டு தினமும் அந்த முதுகின் எதிரே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் திரும்புங்களேன்" என்பாள். அவர் திரும்பவில்லை.

தாளை மாட்டிய எண்பத்திரண்டாம் நாள் அவர் சட்டையில் ஓட்டைகள் விழுந்தன. சமையலறை ஈரத்தில் தாள் மட்கத் தொடங்கியிருந்தது. மட்குவதற்கென்றே செய்த தாள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆலையில் கழித்துக்கட்டிய சூட்டுத் தட்டு ஒன்றையும் இரண்டு கண்ணாடிப் பலகைகளையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். உருகும் சூட்டுக்குச் சற்றே மேலே, நூற்றெண்பது டிகிரியில் நிறுத்தினால், தாள் உருகினாலும் பழைய வளையங்கள் இருந்த இடத்தை மறப்பதில்லை. ஆறும்போது அதே இடத்தில் அவை மறுபடி முளைக்கும். இருநூற்றுப் பத்துக்கு ஏற்றினால் எல்லாம் மறந்துபோகும். சோதனைக்கூடத்தில் எப்போதும் இருநூற்றுப் பத்துதான், பழசு வந்து குழப்பக் கூடாது என்பதற்காக. வீட்டில் அவள் நூற்றெண்பது வைத்தாள். அவர் வந்தார், முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்து. இப்படி நான்கு முறை உருக்கி, ஏறக்குறைய ஒரு வருஷம் அவரைக் காப்பாற்றினாள். நான்கு முறையும் அதே முதுகு.

ஐந்தாம் முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாளோடு பேசிக்கொண்டே திருகியைத் திருப்பினாள். மகள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை முடிந்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தட்டைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, இருநூத்திப் பத்துல இருக்கு."

"கை தானா போயிடுச்சு" என்றாள் தாய்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கம் கையில் இருந்தது. அது யாரைக் கேட்டு வரும்? அவள் வாய்விட்டு அழுதாள். அப்பா செத்த அன்றுகூட இப்படி அழவில்லை என்று மகள் பிற்பாடு சொன்னாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா என்று அவர் அவளை அடிக்கடி கேலி செய்வதுண்டு. இனி பொறுத்து என்ன, பொறுக்காமல் என்ன? இருந்தும் அவள் எழுந்து போகவில்லை. நாற்பது நிமிடமும் தட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து, சூட்டைத் துளித்துளியாக இறக்கினாள். அவளுடைய ஆயுளில் அவசரமில்லாமல் செய்த முதல் வேலை அதுதான்.

மறுநாள் எட்டே காலுக்குச் சுவரில் நிறம் விழுந்தது. ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அள்ளி முடிந்த கொண்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கழுத்து விறைப்பாக இருந்தது.

"இது நீதாம்மா" என்றாள் மகள்.

தாய் கிட்டே போய்ப் பார்த்தாள். "பதினோரு நாளும் அவரு இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காரு" என்றாள்.

சுவரில் இருந்தவளை அவள் ஒருபோதும் திரும்பச் சொல்லவில்லை. தாள் மட்கும்போதெல்லாம் நூற்றெண்பதில், கவனமாக, உருக்கி ஆறவைத்து மறுபடி மாட்டினாள். அதற்குப் பிறகான வருஷங்களில், மகள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது "போயிட்டு வரேம்மா" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்வாள். சுவரில் இருந்தவள் அப்படியே இருப்பாள். அடுப்பருகே இருந்தவள் கையில் இருப்பதை வைத்துவிட்டுத் திரும்பி, மகளின் முகத்தைப் பார்த்து, சரி என்று சொல்வாள்.