ஆளை மிதிச்ச மாடு

மாப்பிள்ளைக்கு நான் சொன்னது புரியாமப் போயிருந்தா கூட மனசு ஆறியிருக்கும். நல்லாவே புரிஞ்சுது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி வீட்டுக்காரர். பெரிய ஃபாக்டரி ஒண்ணுல பாதுகாப்பு அதிகாரி. மெஷினுக்குள்ள எவனாவது கையைக் குடுத்துட்டா, தப்பு மெஷின் மேலயா கை மேலயான்னு விசாரிச்சு முடிவு சொல்ற வேலை. பெரும்பாலும் கை மேலதான் போய் முடியும்னு தங்கச்சியே சிரிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கா. லீவு விட்டா ரெண்டு பேரும் நாயைக் கார்ல ஏத்திக்கிட்டு எங்கயாவது மலை ஏறப் போயிடுவாங்க. இந்தத் தடவை எங்க மலைக்கே வந்து சேந்தாங்க.

எங்க மலைன்னா எங்க சொத்து இல்ல. மாடு மேய்க்க எடுத்திருக்கோம், அவ்வளவுதான். நடுவுல ஒரு பொதுப்பாதை போகுது. யாரு வேணா நடக்கலாம், நாயோடயும் நடக்கலாம். மனுஷன், நாய், மாடு மூணு பேருக்கும் அங்க உரிமை உண்டு, புத்தி மட்டும் மாட்டுக்குத்தான் உண்டும்பாரு என் வீட்டுக்காரர். அவரு பால் வண்டி ஓட்டுறவரு, வாரத்துல பாதி நாள் ரோட்டுலதான். மாடு முழுக்க என் பொறுப்பு.

அன்னைக்குக் காலையில மாப்பிள்ளை சமையல்கட்டுல உக்காந்து ஷூவுக்கு லேசு கட்டிக்கிட்டிருந்தாரு. தங்கச்சி ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கிட்டிருந்தா. அந்த நாய், பிஸ்கட்டுன்னு பேரு, மேசைக்கு அடியில என் செருப்பை மோந்துக்கிட்டிருந்துச்சு.

"மாப்பிள்ளை, இன்னைக்கு மேல் கேட் வழியாப் போகாதீங்க"ன்னேன். "செவலை கன்னு போட்டு ஒரு வாரங்கூட ஆகல. ஓடைப் பக்கமாச் சுத்திப் போயிடுங்க."

"ஓடைப் பக்கம் போனா மேலேருந்து பாக்குற அழகு கிடைக்காதேக்கா."

"அழகு எங்கயும் ஓடிப் போயிடாது. கன்னுக்காரிக்கு நாயும் ஒண்ணுதான், ஓநாயும் ஒண்ணுதான். போயே தீருவேன்னா கயித்தைக் குட்டையாப் பிடிச்சுக்கிட்டு, ஓரமா, தள்ளி நடங்க. மாட்டுக்கும் கன்னுக்கும் நடுவுல மட்டும் போயிடாதீங்க. மாடு பாத்துச்சுன்னு ஓடவும் ஓடாதீங்க. தலையைக் கவுத்துக்கிட்டு வந்துச்சுன்னா, யோசிக்கவே யோசிக்காம நாயை விட்டுடுங்க."

"பிஸ்கட்டையா? விட்டுடறதா?"

"அதுக்கு வேண்டியது நாய்தான், நீங்க இல்ல. நாய் நாலு கால்ல ஓடிப் பொழைச்சுக்கும். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவங்கதான் மிதி வாங்குவாங்க."

லேசைக் கட்டி முடிச்சு நிமிர்ந்து பாத்தாரு. "அப்போ நாய் யார் கையில இருக்கோ, ஆபத்து அவங்களுக்குத்தான்."

"ஆமா."

சொன்னவுடனே பிடிச்சுக்கிட்டாரே, பாதுகாப்பு அதிகாரின்னா சும்மாவான்னு நான் மெச்சிக்கிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

கிளம்புறப்ப வாசல்ல நாய் தெருவைப் பாத்து ஒரு இழு இழுத்துச்சு, கயிறு தங்கச்சி கையிலேருந்து நழுவப் பாத்துச்சு. "கெட்டியாப் பிடி. நாய் தொலைஞ்சா நீயும் அப்படியே போயிடு, வீட்டுப் பக்கம் வராதே"ன்னாரு மாப்பிள்ளை. விளையாட்டுக்குத்தான் சொன்னாரு. அவளும் சிரிச்சா. அவ சிரிச்சுட்டு என்னைப் பாத்த பார்வை எனக்குப் பிடிக்கல. வேலையை விடச் சொன்னாரு, விட்டா. வீட்டையும் அவரு பேர்ல மட்டும் வாங்கினாரு, இருக்கட்டும்னா. எல்லாத்துக்கும் இதே சிரிப்புதான்.

நான் மேலே சரிவுல வேலிக்கம்பி கட்டிக்கிட்டிருந்தேன். அங்கேருந்து பாத்தா மேய்ச்சல் மொத்தமும் உள்ளங்கையில இருக்கிற மாதிரி தெரியும். கொஞ்ச நேரத்துல மேல் கேட் திறக்குற சத்தம் கேட்டுச்சு. இவருதான். செவிடன் காதுல ஊதுன சங்கு.

செவலை நின்னு மேஞ்சுக்கிட்டிருந்தா. கன்னு கொஞ்சம் தள்ளி, பாறை ஓரமாப் புல்லுல சுருண்டு படுத்திருந்துச்சு. இவரு ஓரமாப் போகல. நாய்க்கயித்தை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில போனைத் தூக்கிக்கிட்டு, கன்னைப் படம் பிடிக்க நேரா நடுவுல நடந்தாரு, தங்கச்சி பக்கத்துலயே. நாய் குலைச்சுச்சு. செவலை தலையைத் தூக்கினா. ஒரு தடவை காலால மண்ணைக் கீறினா. அப்புறம் தலையைக் கவுத்தா.

"நாயை விடுங்க! விடுங்க மாப்பிள்ளை!" தொண்டை கிழியக் கத்தினேன்.

விட்டாரு. எப்படி விட்டாரு தெரியுமா? பக்கத்துல நின்ன என் தங்கச்சி கையைப் பிடிச்சு, கயித்து வளையத்தை அவ மணிக்கட்டுல மாட்டி, ஒரு சுத்து சுத்தி, "பிடிச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு கேட்டைப் பாத்து ஓடினாரு. ஒரு நிமிஷங்கூட ஆகல. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

அவ பிடிச்சுக்கிட்டுதான் நின்னா. நான் மேலேருந்து விடுடி விடுடின்னு கத்துறேன், அவ ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நாய் அவ காலைச் சுத்தி வந்து அவளுக்குப் பின்னால ஒளிஞ்சுச்சு. செவலை வந்த வேகத்துல அவளைத் தள்ளி, விழுந்தவளை மிதிச்சா. கயிறு அறுந்துதான் நாய் விடுபட்டுச்சு. நாய் பிச்சுக்கிட்டு ஓடின உடனே செவலையும் விட்டுட்டா. திரும்பிப் போய்க் கன்னை நக்க ஆரம்பிச்சுட்டா. அவளுக்கு என் தங்கச்சி மேல என்ன விரோதம்?

நான் சரிவுல உருண்டு பொரண்டு வந்து சேந்தப்ப தங்கச்சிக்கு மூச்சு வாங்குறதே கஷ்டமா இருந்துச்சு. அப்பவும் அவ கேட்டது, "பிஸ்கட் எங்கக்கா? தொலைஞ்சுட்டானா?" நாய் காருக்கு அடியில பத்திரமா இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. மாப்பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்ல.

இடுப்பெலும்பு விரிசல், விலா எலும்பு மூணு. ஆஸ்பத்திரியில சேத்தோம். மறுநாளே பாதையைப் பாத்துக்கிற அதிகாரி என் வீட்டுக்கு வந்துட்டாரு. நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னாரு. நடந்தவங்க மேல தப்புன்னா மாட்டை வேற வயல்ல கட்டினா போதும். தப்பு இல்லாத ஆளை, தூரத்துலேருந்து தேடி வந்து மிதிச்சிருந்தா அது மாட்டோட குணம், மலையிலயும் இருக்கக்கூடாது, யாருக்கும் விக்கவும் கூடாது. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். கறிக்கு ஏத்துற லாரி.

நான் பாத்ததை ஒண்ணு விடாமச் சொன்னேன். கேட்டுட்டு அவரு தலையை ஆட்டினாரு. "நீங்க மாட்டுக்காரம்மா. உங்க வார்த்தையை மட்டும் வெச்சு நான் எப்படிம்மா விடறது? மிதிபட்டவங்க சொல்லட்டும், அவங்க சொல்றதுதான் கணக்கு."

எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. மிதிபட்டவ என் கூடப் பொறந்தவதானே.

ஆஸ்பத்திரிக்குப் போய் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். "இந்தா பாரு, உன் புருஷனைத் திட்டச் சொல்லல. நடந்ததை நடந்தபடி சொல்லிடு. நடுவுல போனோம், மாடு வந்துச்சு. அது போதும். அந்தக் கன்னு இன்னும் பால்குடிடி."

"சரிக்கா"ன்னா. கண்ணை மூடிக்கிட்டே சொன்னா.

அதிகாரி வந்தப்ப மாப்பிள்ளை கட்டில் தலைமாட்டுல நின்னுக்கிட்டிருந்தாரு. சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு, பவ்யமா. அவ நெத்தியில விழுந்த முடியை ஒதுக்கி விட்டாரு. கல்யாணமான நாள்லேருந்து அப்படி ஒதுக்கி நான் பாத்ததில்ல.

"எப்படிம்மா நடந்துச்சு?"ன்னு கேட்டாரு அதிகாரி.

தங்கச்சி மேல் கூரையைப் பாத்துச் சொன்னா. "பாதையை விட்டு நாங்க விலகல. நாய் முழுக் கட்டுப்பாட்டுல, என் கையிலதான் இருந்துச்சு. கேட்டைத் திறந்து வைக்க அவரு முன்னாடி போயிருந்தாரு. மாடு எந்தத் தூண்டுதலும் இல்லாம தாக்கிடுச்சு."

முழுக் கட்டுப்பாடாம், தூண்டுதல் இல்லாமயாம். என் தங்கச்சி ஜென்மத்துல இப்படிப் பேசினவ இல்ல. ஃபாக்டரியில கை போனவனுக்கு வாசிக்கிற பாஷை அது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம்னு சும்மாவா சொன்னாங்க.

"அடிப்பாவி, என்னைப் பாத்துச் சொல்லுடி"ன்னேன். "கயித்தை உன் கையில சுத்தி விட்டது யாரு?"

"அக்கா அதிர்ச்சியில இருக்காங்க சார்"ன்னாரு மாப்பிள்ளை, மெதுவா. "ரொம்பத் தூரத்துலேருந்து பாத்திருக்காங்க. அவங்க மாடு, அவங்களுக்குப் பாசம் இருக்கத்தானே செய்யும்."

தங்கச்சி என்னைப் பாக்கல. அதிகாரிதான் பாத்தாரு, சங்கடமாப் பாத்தாரு. பாத்து என்ன பண்றது.

லாரி வந்த அன்னைக்குச் செவலை பிடிவாதம் பிடிப்பான்னு டிரைவர் பெரிய கயிறெல்லாம் கொண்டு வந்திருந்தான். தேவைப்படல. நான் முன்னால நடந்தேன், என் பின்னாலயே வந்து ஏறிட்டா. ஆளை மிதிச்ச மாடு இதுதானான்னு டிரைவர் ரெண்டு தடவை கேட்டான். கன்னை நான் கொட்டகைக்குள்ள பூட்டி வெச்சிருந்தேன். கதவை முட்டுற சத்தம் லாரி சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. அழுதேன், ஏன் மறைக்கணும். அழுதுக்கிட்டே அந்த ஆளை வண்டி வண்டியாத் திட்டினேன்.

லாரி போன மூணாம் நாள் மாப்பிள்ளை கார் வாசல்ல வந்து நின்னுச்சு. பின் சீட்டுல தங்கச்சி, தலைகாணிக்கு நடுவுல. முன் சீட்டுல நாய்.

"ஆபீஸ்ல லீவு இல்லக்கா. நடக்க ஆரம்பிக்கிற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும்"னாரு. காரை அணைக்கக்கூட இல்ல. ரெண்டு பெரிய பெட்டியை இறக்கி வெச்சாரு. அவளை நான் தாங்கிப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போய்ப் படுக்க வைக்கிறதுக்குள்ள, ஆள் கிளம்பியாச்சு.

வாசல்லயே கதவைச் சாத்தியிருக்கலாம்தான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்களே, அந்தச் சதையைத்தான் அறுத்துப் போடணும். பெட்டியைத் திறந்து துணியை அடுக்கினேன். குளிருக்குப் போடுற கோட்டு, கல்யாணப் புடவை, அவ பழைய சர்ட்டிபிகேட், தையல் கத்தரிக்கோல், எல்லாம் இருந்துச்சு. அவ கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் ஒவ்வொண்ணா எடுக்கிறதைப் பாத்துக்கிட்டே இருந்தா.

அந்த அறை ஜன்னல் கொட்டகைப் பக்கம். வேற அறை எங்கிட்ட இல்ல. கன்னு புட்டியில பால் குடிக்க மாட்டேங்குது, ரெண்டு வாய் குடிச்சுட்டுத் துப்பிடும், மறுபடி கத்தும். விடிஞ்சதுலேருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு. சாயங்காலம் அவளுக்கு மாத்திரை குடுக்கப் போனேன்.

"அக்கா, அந்தக் கன்னை வேற எங்கயாவது கட்ட முடியாதா? காது வலிக்குது."

"அம்மாவைத் தேடுது. அவ எங்க போனான்னு நீயே போய்ச் சொல்லிட்டு வா."

அவ முகம் கோணிடுச்சு. அழுதா விலா வலிக்கும், அதனால உதட்டைக் கடிச்சுக்கிட்டா. "நான் என்னக்கா பண்றது? அவரு கயித்தைச் சுத்திட்டு ஓடினாருன்னு அத்தனை பேர் முன்னால சொன்னா, அப்புறம் என்னை வீட்டுல வெச்சுக்குவாரா? நான் எங்க போவேன்?"

"இப்ப எங்க வந்து படுத்திருக்க?"ன்னு கேட்டேன்.

அவ அடுக்கி வெச்ச துணியைப் பாத்துக்கிட்டிருந்தா. நான் மாத்திரையையும் தண்ணியையும் பக்கத்துல வெச்சுட்டு, கன்னுக்குப் பால் ஆத்த எழுந்து போனேன்.