பிடியில் மாட்டிய தொப்பி

தோல்ஷாப்பின் டிரம் ஓடுகிற சத்தம் பேகம்பூரில் எல்லா வீட்டுக்கும்தான் கேட்கும். பக்ருன்னிசாவுக்கு மட்டும் அதற்குள்ளிருந்து யாரோ தட்டுவதும் கேட்டது. புருஷனை இழந்து இத்தா இருப்பவள். வாசலைத் தாண்டக் கூடாது. கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

புருஷன் கிதர் முகம்மது தோல் பதனிடும் அந்தத் தோல்ஷாப்பில் வேலை பார்த்தவன். பெரிய மர டிரம்முக்குள் இறங்கி, ஊறிய தோல்களை அள்ளி வெளியே போடுவான். கரண்டு மோட்டார் வந்ததிலிருந்து ஒரு வழக்கம். உள்ளே போகிறவன் தன் தொப்பியை, டிரம்மை ஓட்டும் இரும்புப் பிடியில் மாட்டிவிட்டுப் போவான். தொப்பி தொங்கினால் பிடியை எவனும் தொடமாட்டான். அந்த வெள்ளிக்கிழமை பிடியில் தொப்பி இல்லை. ஒருவன் பிடியை இழுத்து டிரம்மை ஓட்டிவிட்டான்.

"மாட்ட மறந்தான், செத்தான்" என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அந்தப் பேரோடு கிதரைப் புதைத்தார்கள். முதலாளி வீட்டிலிருந்து ஒரு சட்டி பிரியாணி வந்தது. பக்ருன்னிசா திருப்பி அனுப்பினாள்.

ஒருநாள் சைனம்பு வந்தாள். கிதரோடு வேலை பார்த்த நூர் அகமதுவின் தாய். முந்தானைக்குள்ளிருந்து ஒரு தொப்பியை எடுத்து நீட்டினாள். கிதருடையது. அதன் கிழிசலைப் பச்சை நூலால் தைத்தவளே பக்ருன்னிசாதான்.

"ஜும்மாத் தொழுகைக்கு நேரமாச்சுன்னு எம்மவன் இதை எடுத்து மாட்டிக்கிட்டு ஓடிட்டான்மா. உள்ள ஆளு இருக்கிற நெனப்பே இல்ல. இப்ப எந்நேரமும் காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான்."

"அவனுக்கும் கேக்குதா?"

சைனம்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன உசுரு போயிருச்சு. வெளிய சொல்லிராத தாயி."

"அப்ப எம் புருசன் மறதிக்காரனாவே கெடக்கட்டுங்கிறீங்களா மாமி?"

பக்ருன்னிசா தொப்பியோடு வாசற்கதவின் சங்கிலியையும் பூட்டையும் கழற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். "இத்தாடி! இத்தா!" என்று சைனம்பு அலறிக்கொண்டே பின்னால் வந்தாள்.

தோல்ஷாப்பில் யாரும் தடுக்குமுன் பக்ருன்னிசா பிடியைத் தள்ளினாள். டிரம் முனகி நின்றது. பிடியைத் தூணோடு சேர்த்துச் சங்கிலியால் சுற்றிப் பூட்டினாள். மேலே தொப்பியை மாட்டினாள்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் பூட்டு செஞ்சு விக்கிற ஊரு. இதுக்கு ஒரு பூட்டு கெடைக்கலையா உங்களுக்கு?"

"சாவியக் குடும்மா. சரக்கு வீணாப் போயிரும்" என்று மேஸ்திரி கையை நீட்டினார்.

நின்றுபோன டிரம்முக்குள் ஏதோ தட்டியது. நனைந்த தோல் சரிந்து விழுந்திருக்கலாம். மறுபடியும் தட்டியது. மேஸ்திரியின் கை அந்தரத்தில் நின்றது.

மூலையில் நூர் அகமது காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "உள்ள ஆளு இருக்கு! அவரு மாட்டித்தான் வச்சிருந்தாரு! நாந்தேன் எடுத்தேன்!"

பக்ருன்னிசா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முதலாளியக் கூப்பிடுங்க" என்றாள். "அவரு காதுலயும் விழட்டும்."