பிரித்துத் தைத்த சட்டை

ஒரு விரற்கடை போதவில்லை. மேற்பார்வையாளர் ஞானப்பிரகாசம் கையுறை போட்ட விரல்களால் பொன்னிறத் தாளை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். விட்டதும் பெட்டியின் மூலை மறுபடி வாயைப் பிளந்துகொண்டது. வெள்ளை அங்கியும் தலையுறையுமாகச் சுற்றி நின்ற பெண்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

திருத்தணியில், அரக்கோணம் சாலையில் இருக்கும் அந்தக் கூடத்தில் செயற்கைக்கோள்களுக்குச் சட்டை தைக்கிறார்கள். விண்வெளியின் வெயிலும் குளிரும் உள்ளே ஏறாமலிருக்க, ஈசல் சிறகு போன்ற தாள்களை அடுக்கித் தைத்த சட்டை. எதையும் இரண்டாகச் செய்வார்கள். ஒன்று மேலே போகும், மற்றது அலமாரியில் கிடக்கும். போன ஆண்டு மேலே போனது கடலில் விழுந்துவிட்டது. மிச்சமிருந்த மாற்றுப் பாகங்களை வைத்தே இப்போது இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாற்று மின்கலம் மட்டும் கெட்டுப்போயிருந்தது. புதிதாக வந்தது கொஞ்சம் பருமன். அதன் அளவில் செய்த மாதிரிப் பெட்டிதான் மேசைமேல் இருந்தது. வெளிநாட்டிலிருந்து புதுத் தாள் வர மாதக்கணக்காகும். அதற்குள் ராக்கெட்டில் ஒதுக்கிய இடம் கைவிட்டுப் போய்விடும்.

அலமாரியில் கிடந்து, இப்போது பெட்டிக்குப் போதாமல் நின்ற அந்தச் சட்டை ஹேமாவதி தைத்தது. இங்கே வருமுன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் அவள். திருத்தணியில் உள்ளே துணி விடாமல் தைத்த ரவிக்கையை எந்தப் பெண்ணும் வாங்கமாட்டாள். கல்யாணமாகும், பிள்ளை பிறக்கும், உடம்பு போடும். பிரித்துவிட இடம் வேண்டும். அந்தப் பழக்கத்தில் கை பொன்தாளிலும் ஓரம் விட்டுவிட்டது. சோதனைக்கு வந்தவர் எடை கூடுதல் என்று ஒதுக்க, கூட வேலை செய்யும் பிரிஸில்லா தைத்தது மேலே போனது. அது விழுந்த அன்று பிரிஸில்லா அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தன்னுடையது இன்னும் பத்திரமாக இருக்கிறது என்று ஹேமாவதி நினைத்தாள். நினைத்ததற்காக அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"சார்," என்றாள் இப்போது. "உள்ளாற துணி வுட்டிருக்கேன்."

"துணியா? இன்னாம்மா சொல்ற?"

"தாளுங்க. அன்னிக்கி எடை ஜாஸ்தின்னு திட்னாங்களே, அதான். பிரிச்சா வரும்."

பிரிஸில்லா சட்டையைப் புரட்டி மடிப்பை வருடினாள். "ஆங் சார், கீது! ராக்கெட்டுக்கும் புள்ள பொறக்கும்னு வுட்டு வெச்சிகிறாங்க எங்கக்கா."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஹேமாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. "பழைய ஊசி ஓட்டைங்க தெரியுமே சார்?"

அவர் வெளியே போய், செயற்கைக்கோள் கட்டுகிற பொறியாளர்களிடம் ஃபோனில் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் கை மேலும் கீழும் ஆடுவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தவர் தலையுறையைச் சரிசெய்தார். "உள்ள நிக்கிற காத்து வெளிய போவணும்னு ஓட்டை அவுங்களே போடுவாங்களாம். இந்த எடையும் தாங்குமாம். பிரிம்மா."

ஹேமாவதியும் பிரிஸில்லாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பிரித்தார்கள். இழுத்தால் தாள் கிழியும். ஒவ்வொரு தையலாக வெட்டி நூலை உருவ வேண்டும். மடிப்புக்குள் இத்தனை நாள் வெளிச்சம் படாத பொன், கசங்கலோடு வெளியே வந்தது. புதுத் தையல் போட்டுப் பெட்டிக்கு மாட்டினார்கள். மூலை மூடியது. ஞானப்பிரகாசம் சுற்றி வந்து நான்கு பக்கமும் குனிந்து பார்த்தார். "அளவெடுத்து தெச்ச மாரி கீதும்மா," என்றார். பொன்தாளில் கோணிக்கொண்டு தெரிந்த தன் முகம் சிரிப்பதை ஹேமாவதி பார்த்தாள்.

ராக்கெட் கிளம்பிய காலையில் அவள் மலைக்குப் போனாள். பிரிஸில்லாவும் வந்தாள். "நான் படியிலயே குந்திகினு பாக்கறேன், நீ சாமி கும்ட்டு வா," என்றவளைத் தனியே விட மனமில்லாமல் ஹேமாவதியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வடகிழக்கே, வெளிறிய வானத்தில், ஒரு நெருப்புப் பொட்டு வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டு ஏறியது. காவடிக்காரர்கள் நின்றார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெண், "இன்னாம்மா அது?" என்று கேட்டாள்.

"எங்கக்கா தெச்ச சட்டை போவுதுங்க," என்றாள் பிரிஸில்லா.

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, கைகூப்பினாள். யாரோ அரோகரா என்று குரல் கொடுக்க, படி நெடுகிலும் அது ஏறிக்கொண்டே போனது. ஹேமாவதி கண்ணெடுக்கவில்லை. நெருப்புப் பொட்டு மறைந்த பிறகும், தையல் பிரித்து உருவிய நூல்போல அந்த வெள்ளைக் கோடு காற்றில் நெளிந்து நெளிந்து அகன்றுகொண்டிருந்தது.